மரத்தை அறுக்கும் முன் திரையில் அறுப்போம்

பணி ஓய்வுக்குப் பின் ராஜபாளையத்தில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே புத்தக அலமாரி ஒன்று அமைக்க விரும்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த தச்சரிடம், நான் தாளில் வரைந்த படத்தைக் கொடுத்தேன். அகலம், உயரம், ஆழம் அனைத்தையும் அங்குலக் கணக்கில் குறித்திருந்தேன். பேராசிரியர் போட்ட கணக்கு என்று நம்பி அவரும் பலகைகளை அறுத்துவிட்டார். அலமாரியை உள்ளே தள்ளியபோது அதன் பின்பக்க மேல்விளிம்பு படிக்கட்டின் சரிவில் இடித்து நின்றது. இரண்டு நல்ல தேக்குப் பலகைகள் வீணாயின.

அவர் கோபப்படவில்லை. "சார், உங்க படத்துல முன்பக்கம் மட்டும்தானே இருக்கு. பின்னால சரிவு இறங்குறது மரத்துக்கு எப்படித் தெரியும்?" என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்த எனக்கு அது ஒரு பாடமாக அமைந்தது. பிழைக்கு நாம் கொடுக்கும் விலை, அதை எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. படத்தில் கண்டால் அழிப்பான் போதும்; மரத்தில் கண்டால் பலகை போகும்; கட்டடத்தில் கண்டால் சுவரையே இடிக்க வேண்டும்.

இந்த விலையைக் குறைக்கும் கருவிதான் முப்பரிமாண வரைபடம். அதை வரைவதற்குப் பெரும் பணமோ பொறியியல் பட்டமோ வேண்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேண்டியதில்லை என்பதை அறுபது வயதைக் கடந்த பிறகே அறிந்தேன்.

அதன் அடிப்படை மிக எளியது. முதலில் ஒரு தளத்தில் தட்டையான உருவம் ஒன்றை வரைகிறோம். செவ்வகத்தை வரைந்து அதற்குக் கனம் கொடுத்தால் பலகை. அந்தப் பலகையின் மீது வட்டம் வரைந்து உள்நோக்கி அழுத்தினால் துளை. நாற்காலிக் காலின் பாதி வெட்டுமுகத்தை வரைந்து ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால், கடைசல் பட்டறையில் கடைந்ததுபோல் முழுக்கால் உருவாகிவிடும். கனம் கொடுத்தல், குடைதல், சுழற்றுதல் ஆகிய இம்மூன்றையும் கற்றவர் வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவற்றை வரைந்துவிடலாம்.

பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இதுவே என்று பலரும் கருதும், 192 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்ட கோபுரம் அது. ஒரு செவ்வகத்தை மேலெழுப்பினேன். அதன் மீது சற்றுச் சிறிய செவ்வகம். அதன் மீது இன்னும் சிறியது. சிற்பங்கள் இல்லை, கலசங்களும் இல்லை. ஆயினும் திரையில் அதைச் சுழற்றிக் காட்டியபோது என் பேரன் ஊர் பெயரைச் சொல்லிவிட்டான். இதில் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. ஒவ்வொரு நிலையும் கீழுள்ளதைவிட எவ்வளவு குறுக வேண்டும் என்பதை ஓர் எண்ணாகக் கொடுத்திருந்தேன். அந்த ஓர் எண்ணை மாற்றியதும் பதினொரு நிலைகளும் தாமாகவே திருந்திக்கொண்டன. தாளில் வரைந்திருந்தால் முழுப் படத்தையும் அழித்து மீண்டும் வரைந்திருக்க வேண்டும்.

இனி, இலவசம் என்ற சொல்லைச் சற்று ஆராய வேண்டும். இலவசங்களில் இரு வகை உண்டு. ஒன்று, உரிமையாளர் தம் விருப்பப்படி தருவது. விரும்பும்போது திரும்பப் பெறக்கூடியது. மற்றொன்று, யாராலும் திரும்பப் பெற முடியாதது. இரண்டாவதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

முதல் வகைக்கு ஸ்கெட்ச்அப் நல்ல உதாரணம். 2000இல் வெளிவந்த இதனை 2006இல் கூகுள் வாங்கி, இலவசப் பதிப்பு ஒன்றை உலகுக்கு அளித்தது. உலகெங்கும் தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் அதில் பழகினர். 2012இல் அது டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017உடன் நிறுத்தப்பட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது இணையத்தில் இயங்கும் பதிப்பு. அதுவும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, தொழிலுக்கு அல்ல. இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் பொருளுக்கு விலை கேட்கும் உரிமை அதற்கு உண்டு. ஆனால் அதில் பல ஆண்டுகள் பழகிய சிறு பட்டறைக்காரரின் நிலை என்ன? அவருடைய பழைய படங்கள், கைப்பழக்கம் எல்லாம் அந்த மென்பொருளோடு பிணைந்துவிட்டன. இதைப் பொருளாதாரத்தில் மாறுவதற்கான செலவு என்போம். அந்தச் செலவு உயர உயர, வாங்குபவரின் பேரம் பேசும் வலிமை குறையும்.

இரண்டாம் வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். பிளெண்டர் என்ற மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. அதன் பயனர்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, முதலீட்டாளர்களிடமிருந்து அதன் மூல நிரலை மீட்டுப் பொதுவுடைமை ஆக்கினர். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற லாட்வியப் படமான 'ஃபுளோ' அதில்தான் உருவானது. இயந்திர உறுப்புகள், மரச்சாமான்கள் போன்ற அளவு பிசகக்கூடாத பொருள்களை வரைய ஏற்றது ஃப்ரீகேட். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலர்கள் வளர்த்துவந்த இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியானது. மில்லிமீட்டரிலும் வரையலாம், அங்குலத்திலும் வரையலாம். எட்டு நூல் ஓர் அங்குலம் என்று கணக்கிடும் நம் தச்சர்களுக்கு இது பெரிய வசதி.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃப்ரீகேட் முதல் வாரத்தில் பொறுமையைச் சோதிக்கும். எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று தேடியே அரை நாள் கழியும். முந்தைய பதிப்புகளில், தொடக்கத்தில் வரைந்த ஒரு கோட்டை மாற்றினால் பின்னர் செய்த வேலைகள் குலைந்துபோகும் தொல்லை இருந்தது. 1.0 பதிப்பில் அது பெரிதும் சீர்செய்யப்பட்டுள்ளது. பள்ளி மாணவர்கள், இணைய உலாவியிலேயே இயங்கும் டிங்கர்கேடில் தொடங்கிப் பிறகு இதற்கு வரலாம். ஆனால் டிங்கர்கேடும் ஒரு நிறுவனத்தின் கொடை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்துவிட்டுத் தந்தையின் வெல்டிங் பட்டறையைக் கவனித்துவருகிறார். கல்லூரியில் அவர் கற்றது விலையுயர்ந்த ஒரு வரைகலை மென்பொருளை. மாணவராக இருந்தவரை அது இலவசம். படிப்பு முடிந்ததும் அந்தச் சலுகையும் முடிந்தது. இத்தகைய மென்பொருள்கள் பலவும் இன்று சந்தா முறையிலேயே விற்கப்படுகின்றன. ஆட்டோகேட் 2016 முதல் அப்படித்தான். மாதந்தோறும் ஜன்னல் கிராதி செய்து பிழைக்கும் பட்டறைக்கு அது கட்டுபடியாகாது. எனவே அவர் யாரிடமோ திருட்டுப் படி வாங்கிப் பயன்படுத்தினார். அதனுடன் வந்த வைரஸ் ஒருநாள் கணினியில் இருந்த படங்கள் அனைத்தையும் அழித்துவிட்டது.

திருட்டுப் படியைப் பலரும் இலவசம் என்றே கருதுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் படி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. தொழில் ஆதாயத்துக்காகப் பயன்படுத்தாதவருக்கு மட்டுமே நீதிமன்றம் சலுகை காட்டலாம். பட்டறைக்காரருக்கு அந்தச் சலுகைக்கு இடமில்லை.

நாங்கள் இருவரும் மாலை நேரங்களில் ஃப்ரீகேட் கற்றோம். அவருக்கு இயந்திரம் தெரியும். எனக்கு நேரம் இருந்தது. சில வாரங்களில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி ஒன்றின் உடைந்த உறுப்பை அளந்து வரைந்தார். அந்த உருவத்திலிருந்து மேல், முன், பக்கத் தோற்றங்களை மென்பொருளே அளவுகளுடன் தாளில் அமைத்துத் தந்தது. லேத் பட்டறையில் அதைக் காட்டிக் கடைந்து வாங்கினார். உறுப்பு முதல் முறையிலேயே பொருந்தியது. அடுத்த முறை அது உடைந்தால் மீண்டும் அளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் கல்வி நிறுவனங்களை நோக்கி ஒரு கேள்வி எழுகிறது. படிப்பு முடிந்ததும் கையைவிட்டுப் போகும் கருவியை மட்டும் ஏன் கற்பிக்கிறோம்? மாணவருக்கு இலவசமாகத் தருவது நிறுவனத்துக்கு நாளைய சந்தையை உருவாக்கும் முதலீடு. பெருநிறுவனங்களில் வேலைக்குச் செல்வோருக்கு அந்தப் பயிற்சி தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சொந்த ஊரில் பட்டறை வைப்பவர்களும் நம் மாணவர்கள்தாமே?

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளம் இதில் முன்னே நிற்கிறது. அங்கு அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுகிறது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில் பிளெண்டரும் கற்பிக்கப்படுகிறது. நம்மிடமும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கிராமத்து வீடுகளிலும் கணினியைக் கொண்டுசேர்த்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. மத்திய அரசும் 2015இல் திறமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. கருவி இருந்தது, கொள்கை இருந்தது, கற்பிப்போர்தாம் போதவில்லை.

பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக் கல்லூரிகளும் இப்போதுள்ள பாடத்துடன் ஃப்ரீகேடையும் சேர்த்துக் கற்பிக்கட்டும். ஒன்றில் கற்ற முறை மற்றதற்கும் பயன்படும். விடுமுறை நாள்களில் கல்லூரிக் கணினி அறைகளை உள்ளூர்த் தச்சர்களுக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் திறந்துவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரேனும் அங்கு சென்று அமர்ந்தால் போதும். உடன் கற்பவராக இருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டு அலமாரி இப்போது படிக்கட்டின் கீழ் சரியாகப் பொருந்தி நிற்கிறது. இம்முறை படிக்கட்டின் சரிவையும் சேர்த்தே வரைந்திருந்தேன். கணினியில் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த தச்சர், பின்பக்கப் பலகையில் அரை அங்குலம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். அதன் பிறகே அவர் ரம்பத்தை எடுத்தார்.