மேற்கோளும் சான்றும்

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரி, பெரியதோர் ஏரியை உடைய ஊர். அவ்வூர்ப் பள்ளி மாணவர் சிலர், தொண்டைநாட்டுப் பழைய ஊராட்சியைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை வரையப் புகுந்தனர் எனக் கொள்வோம். ஆசிரியர், 'நீவிர் நிறுவ விரும்பும் கருத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதித் தருக' என்று பணிக்கிறார். அவ்வாக்கியமே கட்டுரைக்கு உயிர்நிலை. அதனை மேற்கோள் எனலாம். பிறர் கூற்றை எடுத்தாளுதலையும் இச்சொல் குறிக்கும்; எனினும், நிறுவுதற்கு மேற்கொண்ட கருத்து என்பதே ஈண்டுப் பொருள்.

மேற்கோளை ஆராயும் முறை தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலை காஞ்சிநகரில் அறவண அடிகளிடம் அளவை நெறியைக் கேட்டறிந்ததாக அந்நூல் கூறுகின்றது. மலையில் தீ உண்டு என்பது நிறுவவேண்டிய கருத்து. அங்கே புகை எழுதல் அதற்கு ஏது. புகையும் தீயும் ஒருங்கே காணப்படும் அடுக்களை எடுத்துக்காட்டு. ஏது இல்லாத கருத்து வெறுங்கூற்றாகவே நின்றுவிடும்.

இனி, மாணவர் மூவர் எழுதிய மேற்கோள்களைக் காண்போம். 'உத்தரமேரூர் பழைமையான ஊர்' என்றான் ஒருவன். இதனை மறுப்பார் எவருமிலர். ஆதலின் இதில் நிறுவுதற்கு ஒன்றுமில்லை. 'உத்தரமேரூர்ச் சபையைப் போலச் சிறந்த சபை உலகில் எங்கும் இருந்ததில்லை' என்றான் மற்றொருவன். உலகிலுள்ள சபைகள் அனைத்தையும் அளந்து பார்த்தவர் யார்? இது புகழுரையேயன்றி மேற்கோளாகாது. 'உத்தரமேரூரில் மக்கள் அனைவரும் வாக்களித்து ஊராள்வாரைத் தேர்ந்தெடுத்தனர்' என்றாள் மூன்றாமவள். இது சான்றுகொண்டு ஆராய்தற்குரியது. ஆதலின் மூன்றனுள் இதுவே சிறந்தது. எனினும் இது மெய்தானா?

அதற்கு விடை உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபையார் வாரியங்களை அமைத்த முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். இதுவே குடவோலை. ஏரி வாரியத்திற்கு 6 பேர் அமர்ந்தனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவை அம்மாணவியின் பெருமிதத்தை வளர்ப்பன. ஆயின் அதே கல்வெட்டு வேறு சிலவும் கூறுகின்றது. குடவோலைக்கு உரியவர் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராதல் வேண்டும்; தம் மனையில் வீடு கட்டி வாழ்தல் வேண்டும்; 35 வயதிற்கு மேல் 70 வயதிற்கு உட்பட்டவராதல் வேண்டும்; வேதக் கல்வியும் பெற்றிருத்தல் வேண்டும். கல்வியில் மிக வல்லவர்க்கு அரைக்கால் வேலியும் போதும். நிலமற்ற உழவர்க்கு அங்கே இடமில்லை. மேலும், குடத்தில் இட்ட ஓலை இக்கால வாக்குச்சீட்டன்று. திருவுளச் சீட்டே ஆகும். ஆகவே 'அனைவரும்' என்பதும் 'வாக்களித்து' என்பதும் சான்றுக்கு ஒவ்வாதன.

இந்நிலையில் அம்மாணவிக்கு இரு வழிகள் உள்ளன. தன் கருத்துக்கு மாறான வரிகளை மறைத்துவிடுதல் ஒன்று. சான்றுக்கேற்பக் கருத்தைத் திருத்திக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னது எளிது; ஆயின் பொய்க்கு நிகரானது. அவள் பின்னதையே மேற்கொண்டு, 'பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர்ச் சபையார் குடவோலையாலும் கணக்காய்வாலும் முறைகேட்டைத் தடுக்க முயன்றனர். ஆயின் அவ்வுரிமை நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலர்க்கே உரியதாயிருந்தது' என்று திருத்தி எழுதினாள்.

இதனால் உத்தரமேரூரின் புகழ் குன்றிற்றா? இல்லை. ஏரியைக் காப்போரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே வகுத்தமை என்றும் போற்றத்தக்கதே. மிகைபடக் கூறிய புகழ் ஒரு கேள்விக்கு ஆற்றாது வீழும். சான்றின்மேல் நின்ற புகழோ எவர் வினாவினும் நிலைக்கும். தம் ஊரை உண்மையாக நேசிப்பவர் அதன் நிறையோடு குறையையும் அறிந்து எழுதுவர். அதுவே வரலாறு கற்பார்க்கு அழகு.