மாரிக்கு முன் காக்க வேண்டிய கோழிமுற்றம்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர், உப்புவெளி, நிலாவெளி போன்ற ஊர்களில் முற்றத்தில் அவிழ்த்துவிட்டு வளர்க்கப்படும் ஊர்க்கோழிகள், மண்ணைக் கிளறியே இரையின் ஒரு பகுதியைத் தேடிக்கொள்வதால், குடற்புழுக்களின் முட்டைகளும் அவ்விரையோடு அவற்றின் வயிற்றை அடைகின்றன. ஆகவே, புழுவை வெல்ல விரும்புவோர் கோழியை மட்டுமன்றி, அது மேயும் நிலத்தையும் கவனிக்க வேண்டியவர்களாகின்றனர்.

இப்புழுக்களுள் உருளைப்புழு வகையைச் சேர்ந்தவற்றில் பெரியது, அஸ்காரிடியா காலி என அறிவியலில் வழங்கும் புழு ஆகும். சிறுகுடலில் வாழும் இது 5 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளும். இதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெப்பமும் வாய்த்த மண்ணில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பின்னரே தொற்றும் வலிமையைப் பெறுகின்றன. கோழி விழுங்கிய இளம்புழு குடற்சுவரில் சிலநாள் புதைந்திருந்து, 5 முதல் 8 வாரங்களில் தானும் முட்டையிடும் பருவத்தை எட்டுகிறது. நாடாப்புழுவோ எறும்பு, வண்டு, ஈ போன்றவற்றின் உடலில் ஒரு பருவத்தைக் கழித்து, அவற்றைத் தின்னும் கோழியை வந்தடைகிறது. ஆதலால் கரையோர வீடுகளில் ஈ மொய்க்கும் மீன்கழிவை முற்றத்தில் விடாது அகற்றுவதும் புழுத்தடுப்பின் ஒரு பகுதியே.

புழு மிகுந்த கோழி தீனி தின்றும் மெலிந்து, கொண்டை வெளிறி, முட்டையைக் குறைக்கும். தொற்று மிகக் கடுமையானால் புழுக்கள் திரண்டு குடலையே அடைத்துவிடுவதும் உண்டு. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குஞ்சுகளே இதனால் பெரிதும் துன்புறுவதால், அவற்றை வளர்ந்த கோழிகளிடமிருந்து பிரித்து, புரதமும் உயிர்ச்சத்து ஏயும் நிறைந்த தீனியிட்டு வளர்ப்பது நன்று.

மருந்தைப் பொறுத்தவரை, பிப்பரசின் முதிர்ந்த உருளைப்புழுவை வெளியேற்றுமே தவிர, குடற்சுவரில் புதைந்த இளம்புழுவையோ நாடாப்புழுவையோ ஒழிப்பதில்லை; பென்பெண்டசோல், லெவமிசோல் போன்றவை இதைவிடப் பரந்த அளவில் செயற்படுவன. எந்தப் புழு, எந்த மருந்து, எவ்வளவு, எப்போது மீண்டும் கொடுப்பது என்பவற்றை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறிவதோடு, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் தவறாது கேட்டுக்கொள்ள வேண்டும். பூண்டு, வேப்பிலை முதலிய கைமருந்துகளை மட்டும் நம்பியிருப்பது போதாது.

எனினும், மருந்துண்ட கோழி பழைய ஈரமண்ணையே மீண்டும் கிளறுமாயின், சில வாரங்களில் தொற்று திரும்பிவிடும். இம்மாவட்டத்தில் ஒக்டோபர் முதல் சனவரி வரையிலான வடகீழ்ப் பருவமழையில் முற்றம் நனைந்து கிடக்கையில், புழுமுட்டைகள் நெடுநாள் உயிர் தாங்குகின்றன. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலோ நேர்வெயிலும் வறட்சியும் அவற்றை அழிக்கத் துணைபுரிகின்றன. எனவே மழைக்கு முன்பே கூட்டைத் துப்புரவாக்கி, பழைய உமியையும் மரத்தூளையும் அள்ளி அகற்றி, கூரை ஒழுக்கை அடைத்து, தண்ணீர்ப் பாத்திரங்களைச் சிந்தாதவாறு உயர்த்தி வைத்து, முற்றத்தை இரண்டாகப் பிரித்து மாறி மாறி மேயவிடுவது அறிவுடைய வழியாகும்.

வீட்டுக்கு அன்றாடம் முட்டை தரும் கோழிக்கு உலர்ந்த நிலத்தையும் தூய கூட்டையும் அமைத்துக் கொடுக்கும் இப்பணியை, இவ்வூர்க் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் முடியுமுன் செய்து முடிக்க வேண்டும்.