லாரிப் புகையும் யூரியா உரமும்

பள்ளிபாளையம் வட்டாரத்தில் கரும்பும் பிற சரக்குகளும் ஏற்றிச் செல்லும் புதிய லாரிகள் பலவற்றில், டீசல் தொட்டிக்கு அருகே நீல மூடியிட்ட சிறு தொட்டி ஒன்று இருப்பதைக் குடியானவர்கள் கண்டிருக்கலாம். அதில் ஊற்றப்படுவது யூரியாக் கரைசலாகும். பயிருக்கு இடும் பொருள் லாரிக்கு எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. விவரம் அறியாத சிலர், உர மூட்டையைப் பிரித்து நீரில் கரைத்து அத்தொட்டியில் ஊற்ற முற்படுகின்றனர். இது வண்டிக்குக் கேடு, சட்டத்திற்கும் விரோதம்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதனோடும் சேராத சாதுவான வாயு. ஆனால் டீசல் யந்திரத்தின் கடும் உஷ்ணத்தில் பிராணவாயுவுடன் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயுவாகிறது. இது மார்பையும் சுவாசத்தையும் தாக்கும். அன்றியும், வெயிலில் வேறு ஆவிகளோடு கலந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். ஓசோன் இலைத்துளைகளின் வழியே புகுந்து நெல், கோதுமை, பயறு முதலியவற்றின் மகசூலைக் குறைக்கும்.

இந்நச்சை முறிக்கவே அச்சிறு தொட்டி அமைந்துள்ளது. சூடான புகைக்குழாயில் கரைசல் தூவப்பட, யூரியா பிரிந்து அம்மோனியா வெளிப்படுகிறது. அம்மோனியாவும் நச்சு வாயுவும் தேன்கூடு போன்ற ஒரு கட்டையின் துளைகளில் செல்கின்றன. அதன்மேல் வனேடியம், அல்லது செம்போ இரும்போ சேர்ந்த ஜியோலைட் பூசப்பட்டிருக்கும். அங்கே இரண்டும் கூடித் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. தனியே விட்டால் இம்மாற்றத்திற்குச் சுமார் 900 டிகிரி உஷ்ணம் வேண்டும். பூச்சின் உதவியால் 200 முதல் 400 டிகிரியிலேயே நிகழ்கிறது.

இத்தகைய பொருளைக் கிரியா ஊக்கி என்பர். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துப் பேரம் முடிக்கும் தரகரை இதற்கு ஒப்பிடலாம். தரகர் மாட்டைத் தமக்கென ஓட்டிச் செல்வதில்லை; ஒரு பேரம் முடிந்ததும் அடுத்ததற்குச் செல்வார். கிரியா ஊக்கியோ தரகும் கேளாது, தானும் செலவாகாது.

1957-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இம்முறை, 1970-களில் ஜப்பானில் ஆலைப் புகைபோக்கிகளுக்கென விருத்தி செய்யப்பட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய லாரிகளுக்கு, ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமாயிருந்த நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு 0.4 கிராமாகக் குறைக்கப்பட்டது.

லாரி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. கரைசலில் யூரியா 32.5 சதவீதம், எஞ்சியது சுத்திகரித்த நீர். 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 5 லிட்டர் செலவாகும்.

2. உர யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. பையூரெட் என்னும் கலப்பும் மிகுதி. இவை தூவுகுழலை அடைத்துக் கட்டையையும் பாழாக்கும். கிணற்று நீரின் உப்பும் அவ்வாறே.

3. கலப்பட டீசலிலுள்ள கந்தகம் கிரியா ஊக்கிக்கு எதிரி.

4. தொட்டி வறண்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். பின்னர் யந்திரத்தின் இழுவை குறைக்கப்படும்.

மானிய யூரியா சாகுபடிக்கென்றே அளிக்கப்படுவது. அதை வேறு காரியத்திற்குத் திருப்புதல் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமாகும். நடவுக் காலத்தில் ஒரு மூட்டை லாரிக்குப் போனால், ஒரு குடியானவரின் மேலுரம் தாமதமாகும். ஆகவே, சந்தேகத்திற்கிடமான இருப்பைக் கண்டால் கிராம அலுவலர்கள் வேளாண்மை உதவி இயக்குநருக்கு உடனே அறிவித்தல் நலம்.

வயலிலும் இதுபோன்ற மாற்றம் நடப்பதுண்டு. மேட்டூர்க் கிழக்குக்கரை வாய்க்கால் பாயும் நெல் வயல் காய்ந்து மறுபடி நீர் நின்றால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இட்ட உரத்தில் ஒரு பங்கை நைட்ரஜன் வாயுவாக்கி வானில் விட்டுவிடும். உரத்தைப் பல தவணைகளாகப் பிரித்து இடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. புகைக்குழாயில் லாபமாவது வயலில் நஷ்டம் என்பதை உணர்ந்து, மூட்டையைப் பயிருக்கும் கரைசலை வண்டிக்கும் அளிப்பதே முறையாகும்.