நாவில் தொடங்கும் வாத்தியம்

மரக்காணம் பகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள அனுமந்தை, சங்க கால ஓய்மாநாட்டின் நிலப்பரப்பைச் சேர்ந்ததாகும். அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்; சீறியாழ் சுமந்து அவ்வழியே சென்றவர்களாக அந்நூல் காட்டும் பாணர்கள், இசையைக் காதால் வாங்கிக் கையால் பழகிய மரபினர். எழுத்தே தடையாக நிற்கும் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்பிக்க முனைவோர் அந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை பல.

கற்றல் குறைபாடு அறிவுக்குறைவு அன்று. அறிவும் கேள்வியும் இயல்பாக இருந்தும் வாசிப்பதில் ஏற்படும் தடுமாற்றம் டிஸ்லெக்சியா எனவும், எழுதுவதில் ஏற்படுவது டிஸ்கிராஃபியா எனவும், எண்களைக் கையாள்வதில் ஏற்படுவது டிஸ்கால்குலியா எனவும் வழங்கப்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளது.

கருநாடக இசையின் சுரக்குறிப்பில் இருப்பவை ஏழே எழுத்துகள்தாம். ஆயினும் மேல் ஸ்தாயிச் (உயர் சுர எல்லை) சுரத்துக்குத் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிச் சுரத்துக்கு அடியில் ஒரு புள்ளி, வேகம் இரட்டித்தால் மேலே ஒரு கோடு, நீட்டலுக்குக் காற்புள்ளி, அரைப்புள்ளி என அடையாளங்கள் ஏறிக்கொண்டே போகும்போது, வரிகளைத் தொடர்ந்து வாசிக்கவே திணறும் பிள்ளை வயலினைத் தொடுமுன்பே சோர்ந்துவிடுகிறது. பாட நோட்டு இல்லாமல் இசை வகுப்பே இல்லை என்று நம்பும் பெற்றோர், அச்சுக்குறிப்பு பரவுவதற்கு முன்பே இம்மரபு பெரும் வித்துவான்களை உருவாக்கியது என்பதை மறந்துவிடுகின்றனர்.

மிருதங்கமும் தவிலும் நாவிலிருந்தே தொடங்குகின்றன. வாத்தியத்தில் எழ வேண்டிய ஒலியை முதலில் வாயால் சொல்லிப் பழகும் அசைத்தொடர் சொற்கட்டு எனப்படும். ‘த, தி, தொம், நம்’ என்று சொல்ல வந்த பிறகே அது விரலுக்கு இறங்குகிறது. எண்ணிக்கையில் தடுமாறும் பிள்ளைக்கும் இங்கே ஒரு பிடிமானம் உண்டு: ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் (தாள அலகுகள்) ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் இருமுறை தட்டும் வீச்சும் என்று கையிலேயே அமைந்துவிடுவதால், மனக்கணக்கின் சுமை பெரிதும் குறைகிறது.

இம்முறையை மருந்தாகக் கொள்வது மிகையாகும். டிஸ்லெக்சியா உள்ள பலருக்குத் தாளத்தை உணர்வதிலேயே இடர்ப்பாடு உண்டு என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உஷா கோஸ்வாமி விரிவாக ஆராய்ந்துள்ளார். கேட்டி ஓவரி 2003இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சியால் பேச்சொலிகளைப் பிரித்தறியும் திறனும் எழுத்துக்கூட்டும் திறனும் முன்னேறினவே தவிர, வாசிப்புத் திறனில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. கேட்டதை நெடுநேரம் மனத்தில் நிறுத்த இயலாத பிள்ளைக்கு நீண்ட கோர்வை பயன்தராது என்பதால், அரை ஆவர்த்தனமாக, அதாவது ஒரு தாளச்சுற்றின் பாதியளவாகப் பாடத்தைப் பிரித்து, முதற்காலம், அதாவது அடிப்படை வேகம், உறுதிப்பட்ட பின்னரே இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குச் செல்வது நலம். வாத்தியம் வாசிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியே அதைக் கற்பிக்கப் போதிய காரணம். மதிப்பெண் உயரும் என்ற வாக்குறுதி தேவையில்லை.

அனுமந்தை அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் அரசு இசைப்பள்ளி ஒன்று இயங்குகிறது. தமிழகத்தின் இத்தகைய பள்ளிகளில் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சியும், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் சேர்க்கைத் தகுதிகளாக உள்ளன. கற்றல் குறைபாடுடைய பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் அளிக்கும் அரசு, இசைப்பள்ளிச் சேர்க்கையில் அவர்களுடைய காதையும் கையையும் சோதித்து இடமளிக்க முன்வர வேண்டும்.