ஆறாவது வாரத்து ஸ்கேன்

நாள் தள்ளிப்போய், சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழுந்ததும் மனசு பிள்ளையின் முகத்தைத் தேட ஆரம்பித்துவிடும். முதல் ஸ்கேனில் முகம் தெரியாது. ஆறாவது வாரத்தில் திரையில் இருப்பது ஒரு கரிய வட்டம். அது கரு வளரும் நீர்ப்பை. அதற்குள் சின்னதாக ஒரு வளையம். கருவின் முதல் இரத்த அணுக்கள் உருவாவது அங்கேதான். வளையத்தை ஒட்டி உளுந்தளவில் ஒரு வெளுத்த கீற்று. அதுதான் பிள்ளை. அதன் நடுவே ஏதோ படபடவென்று துடிக்கிறது, நிமிடத்துக்குச் சுமார் 110 முறை.

இந்தப் படத்தை வரைவது ஒலி. டாக்டர் வயிற்றில் வைக்கும் புரோபுக்குள் மின்சாரம் பட்டால் அதிரும் படிகங்கள் இருக்கின்றன. அழுத்தினால் மின்சாரம் தரும் இவற்றின் குணத்தை 1880-ல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும். நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான். புரோப் அனுப்புவதோ பல லட்சம். உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும் அந்த ஒலி, திசுக்களில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு இயந்திரம் புள்ளி புள்ளியாகப் படம் போடுகிறது. நீரிலிருந்து எதிரொலி வராது, அதனால் அது கறுப்பு. காற்று ஒலியை உள்ளே விடாமல் திருப்பிவிடும். குளிரக் குளிர ஜெல் தடவுவது அந்தக் காற்றிடைவெளியை அடைக்கத்தான். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு: நிறைந்த சிறுநீர்ப்பை, காற்றடைத்த குடலை ஒதுக்கி ஒலிக்கு வழிவிடும். எக்ஸ்ரேயில் இருக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை.

இதை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்ட். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்தபோது ரேடார் அவருக்குப் பழக்கம். 1955-ல், அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் வைத்தார்கள். நீர்க்கட்டியும் கெட்டியான கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. ஜான் மேக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் இருவரோடும் சேர்ந்து 1958-ல் அவர் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்.

முதல் ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை என்றால் வீடே இடிந்துபோகிறது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்குக் கரு உண்டானதே தாமதமாக இருக்கலாம். வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து போடப்படுவதால் ஆறு வாரம் என்பது கருவுக்கு நான்கு வாரம்தான். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஆனால் இரத்தப்போக்கோ அடிவயிற்றில் கடும் வலியோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.

இந்த ஆரம்ப ஸ்கேன்களின் பெரிய பலன் ஓர் அளவு: உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையான நீளம். ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருக்கும். கிளாஸ்கோவிலேயே ஹியூ ராபின்சன் 1973-ல் இந்த முறையை வெளியிட்டார். எட்டு வாரத்தில் சுமார் 16 மில்லிமீட்டர், பத்தில் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், பன்னிரண்டில் ஐந்தரை. பெற்றோர் நெட்டையோ குட்டையோ, இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. அதனால் வயதை ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம்.

ஏழாம், எட்டாம் மாதத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளை சின்னதாகத் தெரிந்தால் நாள் கணக்குத் தப்பா, வளர்ச்சி குறைவா என்ற கேள்வி வரும். முதல் ரிப்போர்ட் கையில் இருந்தால் நாளில் சந்தேகமில்லை, குறை வளர்ச்சியில்தான் என்று தெரிந்து உடனே கவனிக்கலாம். அது இல்லாமல், கடைசி ஸ்கேனை வைத்துப் பிரசவத் தேதியைத் தள்ளிப் போட்டால், ஊட்டம் போதாமல் தவிக்கும் பிள்ளை 'வயசு குறைவு' என்ற பெயரில் கவனிப்பாரின்றிப் போய்விடும். ஆஸ்பத்திரி மாறினாலும், தாய்வீட்டுக்குப் போனாலும், அந்த முதல் தாள் பைலில் கூடவே போகட்டும்.