'செட்' என்றொரு குட்டி வார்த்தை

தமிழ் மீடியத்திலிருந்து வந்து, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத நாம், நீள நீள இங்கிலீஷ் வார்த்தைகளைக்கூட மனப்பாடம் செய்துவிடலாம். குட்டி வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். 'செட்' என்பதையே எடுங்களேன். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் அதிக இடம் பிடித்தது இந்த வினைச்சொல்தான். நானூறுக்கும் மேல் அர்த்தம்! (பிறகு 'ரன்' முந்திவிட்டது.)

அடிப்படை அர்த்தம் 'வை'. சும்மா வைப்பதில்லை, சரியாகப் பொருத்தி வைப்பது. லேத்தில் 'செட் த டூல்' என்றால், டூல் முனையை சென்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து இறுக்கு என்று பொருள். சொருகிவிட்டு நின்றால் ஜாப் கெட்டது! அலாரம் 'செட்' பண்ணுவதும் இதே கதைதான்.

சிவில்காரர்களுக்கு வேறு. சிமெண்ட் தானாகவே 'செட்' ஆகும், அதாவது இறுகும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஆரம்ப இறுக்கம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது; இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சைட்டில் 'லெட் இட் செட்' என்றால் கை வைக்காதே, இறுகட்டும் என்று அர்த்தம். 'எடுத்து வை' என்று புரிந்துகொண்டு அசைத்தால் போச்சு, கான்கிரீட் விரிசல் விடும். அம்மா உறை ஊற்றிய பால் தயிராவதும் இந்த 'செட்'தாங்க.

ஹாக்சா பிளேடின் பற்களை இடமும் வலமுமாக வளைத்திருப்பதற்கும் 'செட்' என்றே பெயர். வெட்டு அகலமாக விழும், பிளேடு சிக்காது.

இறந்தகாலத்திலும் இது மாறாது. 'ஹி செட்ஸ்' என்றால் தினமும் செய்கிறான். 'ஹி செட்' என்றால் செய்து முடித்தான். வைவாவில் 'செட்டட்' என்று மட்டும் சொல்லிடாதீங்க!