இரண்டாவது குளிசை ஏன் பிற்பகல் 3 மணிக்கு?

நெஞ்சுநோவுக்காக இருதயக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசையை நம்மில் பலர் விடிந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று எடுக்கிறோம். நாளுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு மணிக்கு ஒன்று என்பது நமது கணக்கு. பல மருந்துகளுக்கு அது சரியே. நைத்திரேற்று வகை இருதயக் குளிசைக்கு மட்டும் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். (உரத்திலுள்ள நைத்திரேற்றுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு.)

இம்மருந்து இரத்தக் குழாய்களின் சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவாக மாறி, அச்சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய்கள் விரிகின்றன. இருதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் குறைய, அதன் வேலைப்பளுவும் குறைந்து நோ தணிகிறது. ஆனால் இரவு பகலாக மருந்து இரத்தத்தில் இருந்துகொண்டே இருந்தால், ஓரிரு நாட்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். மருந்தை மாற்றும் நொதிகள் சோர்கின்றன. உடலும் உப்பையும் நீரையும் தேக்கி எதிர்த்து நிற்கிறது. ஓயாமல் தார்க்குச்சியால் குத்தினால் மாடு அதைப் பொருட்படுத்தாது என்பது வண்டியோட்டியவர்களுக்குத் தெரியும்.

இப்பழக்கத்தை வைத்தியர்கள் மட்டுமல்ல, வெடிமருந்துத் தொழிலாளரும் அறிந்திருந்தனர். டைனமைற்றிலுள்ள நைத்திரோகிளிசரினே 1879 முதல் நெஞ்சுநோவுக்கும் மருந்தாக அறியப்பட்டது. டைனமைற்றைக் கண்டுபிடித்த அல்பிரட் நோபலுக்கே 1896இல் வைத்தியர்கள் அதை எழுதிக் கொடுத்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குக் கடும் தலையிடி வரும். இரண்டொரு நாளில் உடல் பழகி அது நின்றுவிடும். வார விடுமுறை கழிந்து வந்தால் மறுபடியும் தலையிடி. ஓய்ந்திருந்த விடுமுறை பழக்கத்தை அழித்துவிட்டது என்பதே இதன் பொருள். விடுமுறை நாட்களில் சிலருக்கு நெஞ்சுநோவும் வந்தது. ஆகவே நாட்கணக்காக எடுத்த மருந்தைத் திடீரென முற்றாக நிறுத்துவதும் ஆபத்து.

வேண்டியது, நாள்தோறும் 10 முதல் 14 மணித்தியாலம் வரை மருந்து ஓய்ந்திருக்கும் ஓர் இடைவெளி. இதற்காகவே சாதாரண ஐசோசோர்பைட் மொனோநைத்திரேற்றுக் குளிசையைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். நாளுக்கு மூன்று முறை எடுக்கும் டைநைத்திரேற்று என்றால் 8, 1, 6 மணி என்ற ஒழுங்கு வழக்கம். மெதுவாகக் கரையும் வகை காலையில் ஒன்று மட்டுமே. அதை நொறுக்கவோ சப்பவோ கூடாது. படுக்கும்போது இன்னொன்று போட்டால் 'கூடப் பலன்' கிடைக்காது, இருக்கிற பலனும் போய்விடும்.

கடிகார நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. விடியற்காலை 5 மணிக்குத் தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போகிறவருக்கு 8 மணிக் குளிசை பிந்திவிடும். உங்கள் வேலை நேரத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள்; 5 மணிக்கும் நண்பகலுக்கும் என அவர் மாற்றித் தரக்கூடும். இரவில் நோ வருகிறது என்றாலும் சொல்ல வேண்டும். அவ்வேளைக்கு வேறுவகை மருந்து உண்டு. அஸ்பிரின், கொலஸ்ரோல் குளிசை, பிரஷர் குளிசை ஆகியவற்றுக்கு இந்த இடைவெளிக் கணக்கு இல்லை. அவற்றைச் சொன்னபடியே எடுங்கள்.

ஊர்விட்டு ஊர் மாறிய குடும்பங்களில் நேரம் குழம்புவது எளிது. கிளினிக் கொப்பி தொலைந்து, குளிசை அட்டை மட்டும் கையில் மிஞ்சும். புதிய கிளினிக்கில் அதே பெயரில் மெதுவாகக் கரையும் வகையைத் தந்தால், பழைய பழக்கத்தில் இரண்டு போட்டுவிடுவோம். பெயர், அளவு, எடுக்கும் மணி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையுடன் வைத்திருங்கள். பழைய அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இனி ஒரு விதிவிலக்கு. நோ வந்தவுடன் நாக்கின் கீழ் வைக்கும் கிளிசரைல் குளிசைக்கு இரவு பகல் இல்லை. இடைவெளி கெட்டுவிடும் என்று நோவைப் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். தலைசுற்றி விழாதபடி இருந்துகொண்டு ஒன்றை வையுங்கள். 5 நிமிடத்தில் நோ தணியாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரச் சொல்லுங்கள். இக்குளிசையை அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வையுங்கள். பொலித்தீன் பையில் மடித்து மடியில் கட்டினால் வீரியம் போய்விடும்.